இந்த வாரத்தின் அருமையான தப்பு

ஜூலை 3, வியாழன்

டாக்டர் வீட்டு வராந்தாவை முடித்துவிட்டேன். கோணலோ கோணல். இருந்தும் டைல்ஸ் இரண்டு பெட்டி மிச்சம். மற்ற மேஸ்திரிகளுக்குக் கடைசி வரிசையில் பற்றாது. எனக்கு ஒருமுறைகூட அப்படி நேர்ந்ததில்லை. கைராசி. எதிரெதிர்ச் சுவர்களின் நீளத்தைக் கூட்டிப் பாதியாக்கு, மற்ற இரண்டையும் அப்படியே செய், பெருக்கு, தரையின் பரப்பு வந்துவிடும். யாரும் சொல்லித்தராமல் நானே கண்ட கணக்கு. சாப்பிடும்போது மருமகளுக்கு விளக்கினேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நோட்டில் எழுதிக்கொண்டாள். பெருமையாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மேஜைமேல் ஒரு சார்ட். திங்கள்தோறும் ஒரு தவறான கணக்கை வகுப்பில் ஒட்டி, எங்கே சறுக்குகிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்வாளாம். தலைப்பு: 'இந்த வாரத்தின் அருமையான தப்பு'. கீழே என் கணக்கு.

"பேர் போடலையே மாமா" என்கிறாள். பேர் போடாமல் அடித்தால் வலிக்காதா?

ஜூலை 7, திங்கள்

சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்கே போனேன். அது என் கணக்கு, தப்பிருந்தால் காட்டுங்கள் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான்கு அட்டைக் கீற்றுகளை மூலைகளில் குண்டூசியால் கோத்துச் செவ்வகம் செய்தார்கள். இரட்டைப் பின்னல் பெண் ஒருத்தி அதை என் முன்னால் வைத்துச் சாய்த்தாள். சாய்த்துக்கொண்டே போனாள். கடைசியில் கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன.

"பக்கமெல்லாம் அதே நீளம்தான் தாத்தா. உங்க கணக்குப்படி இடமும் அதேதான். இப்ப உள்ள எத்தனை டைல்ஸ் போடுவீங்க?"

"இப்படி வீடு கட்டுறவன்கிட்ட நான் வேலைக்குப் போறதில்ல."

அப்போதுதான் சிரித்தார்கள். மருமகளும்.

மூலைக்கு மூலை கோடிழுத்து, இரண்டு முக்கோணமாக்கி அளக்க வேண்டுமாம். கோணல் கூடக்கூட என் கணக்கு அதிகம் காட்டுமாம். அதனால்தான் மிச்சமாம். அப்படியானால் கைராசி என்று நான் நினைத்ததெல்லாம் —

ஜூலை 8, செவ்வாய்

மருமகளோடு பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு விளக்குமாற்றுக் குச்சியில் அந்தச் செவ்வகத்தைச் செய்து பார்த்தேன். படுத்துத்தான் விடுகிறது, சனியன்.

ஜூலை 12, சனி

தையல்காரர் வீட்டில் புது வேலை. கோணல் அறை. சுவர்களை அளந்தேன். பிறகு மூலைக்கு மூலை டேப்பை இழுத்தேன்.

"என்ன மேஸ்திரி, புதுசா இருக்கு?" என்றார்.

"நாப்பது வருஷமா இப்படித்தான் அளக்குறேன்" என்றேன்.