புட்டா விழாத ஒரு சாண் துணி

ஆரணி
13-11-2000

அன்பு மகள் ஸ்வர்ணலதாவுக்கு அப்பா மாணிக்கவேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் ஹேமநாத் வீட்டாரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், இந்தத் தடவை அதை அப்படியே நம்ப மனசு வரவில்லை. தை பிறந்ததும் நூறு நாள் அந்த வகுப்புக்காரர்களோடு மலைமேல் போய்த் தங்கப் போகிறேன், போனில் பேசக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்களோடுகூடப் பேச்சு கிடையாது, நீங்கள் சரி என்று சொன்னால்தான் போவேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அவள் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வேறு என்ன என்றும் பிடிபடவில்லை.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஜரிகை என்றால்கூட நுனியைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்த்துத்தான் கையில் வாங்குவேன். காலம், வெளி, அறிவு என்று மூன்றையும் சும்மா உட்கார்ந்து கவனிக்கிற படிப்பு என்கிறாய். பரீட்சை இல்லை, சர்டிபிகேட் இல்லை, சாமி படம் இல்லை, கட்டணமும் இல்லையாம். கட்டணம் இல்லை என்றதும்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. சொல்லித்தருகிறவர் யார் என்று கேட்டால் அவர் முக்கியமில்லை என்கிறாய், போட்டோ அனுப்பு என்றேன், ஒரு மரமும் பெஞ்சும் இருக்கிற போட்டோ வந்தது. போன இரண்டு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு வரவேண்டிய உன் போன் எட்டு மணிக்கு வந்தது. காலத்தை ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் நம்முடைய ஒரு மணி நேரத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். பிறகு எஸ்.டி.டி. பூத் சந்திரமோகன்தான், குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைப்பார்கள் என்றான். ஒரு தேசமே கடிகாரத்தைத் திருப்புமா என்று நம்பாமல் பேங்க் மேனேஜரிடமும் போய்க் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். அந்த ஒரு விஷயத்தில் உன் வகுப்பின் மேல் வீண் பழி போட்டுவிட்டேன்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என நீ தமிழில் எழுதி அனுப்பின தாள்களை எடுத்தேன். இரண்டு பொருளுக்கு நடுவில் இருக்கும் இடத்தைப் பார், பொருளைப் பார்க்காதே, மனசு பேசுவதைக் கேள், அதற்குப் பதில் சொல்லாதே என்று முதல் பயிற்சி. இது என்ன பெரிய வித்தை, நாற்பது வருஷமாக இழைக்கும் இழைக்கும் நடுவில்தானே நாடா விடுகிறேன் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் தறியில் உட்கார்ந்தபடியே செய்து பார்த்தேன். அரக்கு நிறப் பாவு, நாலு விரற்கடை வெறும் துணி, ஒரு வரிசை பூ புட்டா, மறுபடி நாலு விரற்கடை, அளவுக் குச்சி பக்கத்திலேயே இருந்தது. தந்திரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து உனக்கு எழுதவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இழைகளை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற வெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையும் காலும் அவற்றின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அம்மா காபி கொண்டுவந்து, இன்னாங்க இது, புட்டாவையே காணோம், எங்க பாத்துகினு நெய்ஞ்சீங்க என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். ஒரு சாண் நீளத்துக்கு மொழுக்கென்று வெறும் துணி ஓடியிருந்தது. எனக்கு ஐந்து நிமிஷம் போலத்தான் இருந்தது, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. தறியில் உட்கார்ந்த நாள் முதல் நான் புட்டாவை மறந்தவன் இல்லை. கண் மங்கிவிட்டது என்று பயந்து அம்மா என்னை டாக்டரிடம் வரச்சொல்லிப் பேஜார் பண்ணுகிறாள். பொழுது சாயும் வரைக்கும் குறுக்கே ஓடின ஊடை இழைகளைப் பிரித்து எடுத்தேன்.

அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அந்த ஒன்றேகால் மணி நேரமும் சுகமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இடுப்பு வலி தெரியவில்லை, பவர்லூம் போட்டே தீருவேன் என்று ஹேமநாத் முரண்டு பிடிப்பதும் ஞாபகம் வரவில்லை. தேடின தந்திரமும் கிடைக்கவில்லை. ஊடையைப் பிரிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது, அவ்வளவு நேரமும் நீயும் என் ஞாபகத்தில் இல்லை. நீ அமெரிக்கா போன இந்த ஆறு வருஷத்தில், இந்நேரம் அங்கே ராத்திரி ஆயிற்றே, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று நினைக்காமல் ஒரு வரிசை புட்டாகூட நான் போட்டதில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் பெற்றவனுக்கே மகள் மறந்துபோனால், நூறு நாளில் உனக்கு நாங்கள் என்ன ஆவோம்? எனக்கு பயமாக இருக்கிறது கண்ணு. சொல்லித்தருகிறவர் மேல் இருந்த சந்தேகம் போய் இப்போது அந்தச் சுகத்தின் மேல்தான் சந்தேகமாக இருக்கிறது.

போகாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போன வருஷம் தூக்கமே வரவில்லை அப்பா என்று நீ போனில் அழுதது நினைவுக்கு வந்தது. எனக்குக் கிடைத்த அந்த நிம்மதி உனக்குக் கிடைக்காமல் நான் ஏன் தடுக்கவேண்டும், போய் வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மலைக்காற்று ஆகாது, ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள், வாரம் ஒரு தடவையாவது தலைக்கு எண்ணெய் வை. எனக்காக ஒன்று மட்டும் செய். ஞாயிறுதோறும் இங்கே காலை எட்டு மணி ஆகும்போது நம் நம்பரைப் போட்டு மூன்று தடவை மணி அடித்ததும் வைத்துவிடு. நாங்கள் எடுக்கமாட்டோம், நீயும் பேசவேண்டாம். பேசக்கூடாது என்றுதான் உன் கடிதத்தில் இருக்கிறது, மணி அடிக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை, இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆரோக்கியமும் நல்ல புத்தியும் நிறைந்து நீ நன்றாக இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். நடுவில் உங்கள் ஊர்க்காரர்கள் மறுபடியும் கடிகாரத்தைத் திருப்பினால் உனக்கு அதை எங்களுக்குச் சொல்ல வழி இருக்காது, அதனால் நாங்கள் ஏழு மணிக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம்.

இப்படிக்கு
உன் அப்பா
மாணிக்கவேல்