ஹீட்டருக்காகச் சாத்திய கதவு

சூரியநெல்லி
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

அன்புள்ள மகன் ஜோபிக்கு அம்மா எழுதுவது,

நீயும் ஜிஷாவும் பாப்பாவும் கனடாப் பனியில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா அதே அறையில் படுத்திருக்கிறார், உன்னைக் குறை சொல்வது அவர் காதில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உன் தங்கை நிமி சாயங்காலம் பூப்பாறைக்குத் திரும்புவதற்கு முன் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். படித்ததும் போன் அடிக்காதே, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து அடி.

அப்பாவுக்கு மூச்சு முன்னைவிட மோசம். டீ பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் இத்தனை வருஷம் உள்ளே போன தூசி இப்போது ஆளைப் படுக்க வைத்துவிட்டது. நெஞ்சு இனி தேறாது, குளிர் தட்டாமல் பார்த்துக்கொண்டால் கொஞ்ச நாள் கூடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தானே போன தடவை வந்தபோது ஹீட்டரை வைத்து, சூட்டைப் பார்த்து அதை ஏவுகிற தெர்மோஸ்டாட் பெட்டியையும் சுவரில் மாட்டிவிட்டுப் போனாய். அப்பா அதற்கு மணியடிக்காத கடிகாரம் என்று பேர் வைத்தார். நீ அங்கே இருந்தபடியே போனில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் பார்த்து முதலில் அவருக்குப் பெருமைதான், வருகிற ஆட்களிடம் எல்லாம் மகன் கனடாவிலிருந்து தனக்குப் போர்த்திவிடுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கரண்ட் பில் வந்தது. மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, சேச்சி இங்கே பேக்கரி ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு அளவைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கூடின ரேட் போடுவார்களாம், நாங்கள் தாண்டிவிட்டோம். நான் பயந்துபோய் அந்தச் சுவர்ப் பெட்டிதான் பகலும் ராத்திரியும் வெளிச்சம் காட்டிக் கரண்டைத் தின்கிறது என்று அதை அணைத்து வைத்தேன், நீ போனில் சிரித்தாய். பெட்டி எடுப்பது சீரோ வாட் பல்பு அளவுக்குத்தான், தின்பது ஹீட்டர், கதவு திறந்து கிடந்தால் சூடு எல்லாம் வெளியே போகும், பெட்டி ஹீட்டரை விடாமல் ஓட்டும், அதனால் கதவைச் சாத்தி வையுங்கள் என்றாய். நீ கருமி இல்லை என்று எனக்குத் தெரியும், இரண்டு வேலை பார்த்துத்தான் அந்தப் பில்லைக் கட்டுகிறாய். ஆனால் கரண்ட் ஏறினால் உன் போனில் தெரிந்துவிடுகிறது, உடனே யார் வந்தது, கதவை யார் திறந்து போட்டது என்று மெசேஜ் வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவேன்.

நீ எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பையன், மறந்திருக்க மாட்டாய். படுக்கையில் ஆள் கிடக்கிற வீட்டில் பகலில் கதவு சாத்துகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவர்கள் ஈரச் சாக்கோடு அப்படியே எட்டிப் பார்ப்பார்கள், சாயங்காலம் செபமாலைக்கு நாலு பேர் வருவார்கள், யாரும் கதவைத் தட்டுவதில்லை, தட்டவும் தெரியாது. சாத்தியிருந்தால் வர வேண்டாம் என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். லயத்தை விட்டு நீ கட்டிய வீட்டுக்கு மேலே ஏறி வந்த நாங்கள் சாத்தினால் கேட்கவா வேண்டும். முதலில் பிள்ளைகள் வருவது நின்றது, பிறகு செபமாலையைக் கீழே இருதயம்மாள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி அடைத்திருந்ததால் கீழே பாடுவதுகூடக் கேட்கவில்லை. அறை மட்டும் நல்ல சூடாக இருந்தது.

சூசையப்பன் மாமாதான் கடைசிவரை வந்தவர், அப்பாவோடு அதே சலிக்கிற அறையில் நின்றவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவைத் திட்டிக்கொண்டே இருப்பார், அந்தத் திட்டைக் கேட்டால்தான் அப்பா கஞ்சி குடிப்பார். ஒரு நாள் அவர் வாசலில் நின்று செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அண்ணே சீக்கிரம் உள்ளே வந்து கதவைச் சாத்துங்க, கரண்ட் போகுது என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார், நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், வாசலில் நின்று மிக்கேலு மிக்கேலு என்று அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த வாரம் அவருக்கும் முடியாமல் போய் மகன் வந்து தென்காசிக்குக் கூட்டிப் போய்விட்டான். பத்து நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம். இருதயம்மாள்தான் வந்து சொன்னாள், ஜீப்பில் ஏறும்போது மிக்கேலு கதவை அடைச்சிட்டான் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிவிட்டாள், நான் தடுப்பதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

இரண்டு நாள் கஞ்சி இறங்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை என்னைக் கூப்பிட்டு, “ஏளா, கதவத் தொறந்து போடு. குளுந்தா குளுந்துட்டுப் போவுது. நாலு ஆளு மூஞ்சியப் பாத்துட்டுச் சாவுதேன்” என்றார். மூச்சு வாங்கி வாங்கி அவ்வளவையும் சொல்லி முடித்தார். சாத்தி வைத்தால் நாள் கூடும், திறந்தால் குறையும், இது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஜோபி. நாளைக்கு நீ, அம்மா நீங்கள்தான் திறந்து வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன். இருந்தாலும் திறந்துவிட்டேன்.

இப்போது விடிந்ததும் ஹீட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், நீ அங்கிருந்து எவ்வளவு ஏற்றினாலும் இங்கே ஏறாது. அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர், காலடியில் வெந்நீர்ப் பாட்டில். செபமாலையும் மறுபடி இங்கேதான், அது முடிந்து ஆட்கள் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தி ஹீட்டரைப் போடுகிறேன். நேற்று எட்டு ஒன்பது பேர் வந்தார்கள், இருமல் கூடியிருக்கிறது, அரை டம்ளர் கஞ்சியும் உள்ளே போனது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ இரண்டு வேலைக்கு நடுவே சாப்பிடாமல் ஓடாதே. பாப்பாவைக் குளிப்பாட்டியதும் காதை நன்றாகத் துடைக்கச் சொல்லு. ஜிஷாவிடம் கோபப்படாதே. லீவு கிடைக்குமா என்று கேள், கிடைத்தால் ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம், இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. கர்த்தர் உங்கள் மூன்று பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. சுவரில் இருக்கிற பெட்டியை நான் அணைக்கவில்லை, அது தின்பது கொஞ்சம்தானே, எரியட்டும். பகலில் உன் போனில் வீடு குளிர்ந்து கிடப்பதாகக் காட்டும், பார்த்துப் பதறாதே. அப்பாவைப் பார்க்க ஆள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். பட்டப்பகலில் வீடு சூடாக இருப்பதாக என்றைக்குக் காட்டுகிறதோ, அன்றைக்குப் பதறு.

உன் அம்மா
கத்தரீனாள் மிக்கேல்