முதலில் அறைகள், பிறகு வீடு

நயினாதீவு,
வைகாசி 20

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மன் அருளால் இங்கே மாமியும் கோபிகாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? லீவு முடிந்து சுஜிதன் நாளை கட்டார் திரும்புகிறான். இந்தக் கடிதத்தையும் மாமி இடித்த மிளகாய்த்தூளையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். கைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. கடிதத்தை இடையில் துண்டிக்க முடியாது.

வீட்டு வேலையை நிறுத்திவிட்டேன் என்று மாசியிலேயே உங்களுக்குச் சொன்னேன். "சரி, பாப்பம்" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கோபிகா கைபேசியோடு ஓடிப்போய், யன்னல் மட்டத்தில் நிற்கும் நம் வீட்டையும் அதற்குள் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியையும் காட்டிய பிறகுதான் உங்களுக்குக் கோபம் வந்தது. வீடு முடியாமல் எந்த முகத்தோட வாறது, இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போடப்போறன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

அங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்கு எந்த வேலை முதல், எது பிறகு என்று அட்டவணை போடுகிற ஆள் நீங்கள். சொந்த வேலை என்றதும் எல்லாமே முதல் என்றீர்கள். மார்கழி பிறந்தால் அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்கக் கூடாது என்று பயந்து, கார்த்திகையில் ஒரே முகூர்த்தத்தில் வீட்டுக்கு ஒன்று, யாத்திரிகர் அறைகளுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என மூன்று கல் வைப்பித்தீர்கள். நாள் ஒன்று போதும், மேசன் ஓராள் போதுமோ என்று கைலாசபதிக் குருக்கள் அன்றைக்கே சிரித்தவர். நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்ரனிதாஸ் மேசன் பாவம். கரம்பொனிலிருந்து இரண்டு ஆட்களோடு வந்து, இன்று வீடு, நாளை கடை என்று அலைந்தார். மணலும் கல்லும் ஒரே வள்ளத்தில்தான் வரவேண்டும். ஒன்றுக்குக் கல் வந்தால் மற்றதற்குச் சீமெந்து இருக்காது. முன்கூட்டி இறக்கிவைத்த சீமெந்து உப்புக்காற்றில் இறுகிப் போனது. நீங்கள் வெயிலில் நின்று அனுப்பும் காசு மூன்று இடத்திலும் பாதிப் பாதியாகப் புதைந்து கிடந்தது. ஒன்றிலிருந்தாவது ஒரு சதம் திரும்பி வரவில்லை.

அதனால்தான் மேசனை மறித்து, மற்ற இரண்டையும் விடுங்கோ, அம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் எனக்கு அறைகளை முடிச்சுத் தாங்கோ என்று கேட்டேன். கொடி ஏறினால் வள்ளமெல்லாம் சனத்தை ஏற்றத்தான் ஓடும், மண் ஏற்ற ஒருவரும் வரமாட்டார்கள். அவரும் ஓம் என்றார். நான்கு அறையும் பூசி, கதவு போட்டாகிவிட்டது. கனடாவிலிருந்து வரும் ஒரு குடும்பம் திருவிழா முடியும்வரை இரண்டு அறைகளுக்கு முற்பணம் அனுப்பியிருக்கிறது. மற்ற இரண்டையும் மட்டக்களப்பு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். தீர்த்தம் முடிந்ததும் அந்தக் காசோடு மேசன் வீட்டுக்குத் திரும்புவார். கடை அதற்குப் பிறகு. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நீங்கள் அங்கே நிற்காமலே நடக்கும்.

மாமிக்குப் போர்டிக்கோ வைத்த வீடு கட்டித் தருவதாகச் சொல்லிப் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேலையை நிறுத்தியபோது அவ என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னதைக் கேட்டதும் குசினிக்குள் போய் அழுதா. எனக்குப் போர்டிக்கோ வேண்டாம் பிள்ளை, அவனை வரச் சொல்லு என்று என் கையைப் பிடித்தா.

கலியாணம் முடித்த புதிதில் நீங்கள் எனக்கு ஒன்று விளங்கப்படுத்தினீர்கள். பிந்தி வரும் பெரிய காசைவிட முந்தி வரும் சின்னக் காசுக்குப் பெறுமதி அதிகம் என்றீர்கள். எனக்கு அது காசு விஷயத்தில் அவ்வளவாக விளங்கவில்லை. உங்கள் விஷயத்தில் நன்றாக விளங்குகிறது. இரண்டு வருடம் கழித்து வந்தால் கைநிறையக் கொண்டுவருவீர்கள், முழு வீட்டுக்குள் காலெடுத்து வைப்பீர்கள். கோபிகாவுக்கு ஒரு தம்பி வேண்டுமென்று போனமுறை வந்தபோது கேட்டீர்களே அத்தான், எனக்கு இந்த ஆவணியோடு முப்பத்தொன்பது.

கையெழுத்துப் போடாதீர்கள். அம்மன் உங்களைச் சுகமாகக் கூட்டிவந்து இறங்குதுறையில் விடட்டும். கடைசி அறையை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மட்டக்களப்பு ஆட்களுக்கு ஒன்றுதான் தரலாம் என்று சொல்லிவிட்டேன். வீடு முடியும்வரை நாம் அதில் இருக்கலாம்.

உங்கள் வரவை வேண்டும்,
பிரியவதனி