சங்கிலி போட்டபிறகு ஏறு

யேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை
19.8.79

அன்புள்ள மகன் அருளப்புவுக்கு,

அம்மா எழுதிறன். மாதாவின் கிருபையால் நானும் ஐயாவும் தங்கச்சி றோஸும் சுகம், அந்த மலைக்குளிரிலை நீயும் சுகமாய் இருக்கவேணுமெண்டு மன்றாடுறன். என்ரை எழுத்து கோழி கிளறினமாதிரி எண்டு சிரிப்பாய், சிரி, பள்ளிக்கூடம் என்னைக் கண்டது கொஞ்சக் காலந்தான். ஐயாவின்ரை வலையிலை மீனைவிடச் சாதாழைக் கடற்புல்லுத்தான் கூட, அதைக் குழம்பு வையடி எண்டு இன்னும் கேக்கேல்லை, அந்த மட்டிலை புண்ணியம்.

மகன், பகிடி இவ்வளவுந்தான். உன்னை இந்தக் கறண்ட் லைன் வேலைக்குச் சேர்த்துவிட்ட பத்திநாதர் மாமா செத்துப்போனார். மாதாவின்ரை திருநாளண்டு பின்னேரம் சோளகக் காத்துக்குப் பனங்காவோலை விழுந்து பெரிய லைன் அறுந்து ஊர் முழுக்கக் கறண்ட் இல்லை. சுற்றுப்பிரகாரத்துக்கு முன்னம் மாதாவுக்கு வெளிச்சம் குடுக்கவேணுமெண்டு மாமா ஓடினார். கறண்ட் வாற பக்கத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் ஏறினவர். வயரை நிலத்தோடை தொடுக்கிற அந்தச் சங்கிலி சைக்கிள் கரியரிலை கட்டினபடி, முடிச்சுக்கூட அவிழ்க்கேல்லை. கறண்ட்தான் இல்லையே, பிறகேன் எண்டு நினைச்சிருப்பார். இஞ்சை கோயில் காரியம் பாக்கிற மூப்பர் பஸ்ரியாம்பிள்ளையும் மாதாவுக்கு வெளிச்சம் வேணுமெண்டுதான் லவுட்ஸ்பீக்கர்காரன்ரை ஜெனரேற்றரைக் கொழுவினவர். மெயின் சுவிச்சை முதலிலை நிப்பாட்டச் சொல்லி லவுட்ஸ்பீக்கர்காரன் கத்தினவன். சுவிச் இருந்தது மாதாவின்ரை சுருவத்தை ஏத்திச் சோடிச்ச கூட்டுக்குப் பின்னாலை. ஏத்தின மாதாவை நேரத்துக்கு முன்னம் அசைக்க ஆர் துணிவினம்? ஒரு நிமிசந்தானே, ஸ்ராட் பண்ணு எண்டிட்டார் மூப்பர். ஜெனரேற்றர் ஒருக்கா முக்கிப்போட்டு நிண்டிட்டுது. அந்த ஒரு முக்குக் காணுமாம். அந்தக் கறண்ட் கோயில் வயராலை லைனுக்குத் திரும்பிப்போய், றான்ஸ்போமருக்குள்ளை பெருத்து, மாமா பிடிச்சுக்கொண்டு நிண்ட வயரிலை ஏறினதாம். சங்கிலி போட்டிருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும், மனிசன் வீட்டை வந்திருப்பார் எண்டு பெரிய ஓவசியர் வந்து சொன்னார்.

சுற்றுப்பிரகாரம் நடக்கேல்லை. அடுத்தநாள் பிரேதத்தை உள்ளை வைக்கக் கூட்டை நகர்த்திச்சினம். அப்பதான் அந்தச் சுவிச் எல்லாருக்கும் தெரிஞ்சுது, போட்டபடியே கிடந்தது. மூப்பரை ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் அவருக்குத் தாங்கேலாமல் கிடக்கு, சோறு தண்ணியில்லை. மாமி மாக்கிறேற் அழுகையை நிப்பாட்டி என்னட்டைக் கேட்டது ஒண்டுதான், அருளப்பு சங்கிலி போடுறவனோ எண்டு. அவனிட்டையே கேட்டுச் சொல்லுறன் எண்டுபோட்டு வந்து இதை எழுதிறன்.

ஐயாவோடை கடலுக்குப் போய்ச் சத்தி எடுத்த நாளிலை உனக்குப் பயந்தாங்கொள்ளி எண்டு பேர் வைச்சது நான்தான். சங்கிலி போடுறவனை உங்கடை லைன் பெடியளும் அப்பிடித்தான் பழிப்பினம் எண்டு ஈஸ்ரருக்கு எழுதியிருந்தாய். பழிக்கட்டும். மழையெண்டாலும் அவசரமெண்டாலும் கறண்ட் இல்லையெண்டு ஆர் சத்தியம் பண்ணினாலும், முதல் சங்கிலி, பிறகுதான் கை. நான் வைச்ச பேரை நீ கிழவனாகுமட்டும் காப்பாத்தவேணும். மாமிக்கு நான் சொல்லவேண்டிய பதிலை உடனை எழுது. மாதா உன்னைக் கையிலை ஏந்தட்டும்.

இப்படிக்கு,
பயந்தாங்கொள்ளியின்ரை அம்மா
மேரிஜோசப்பின்