நைனாவின் விரல் அறிந்த காசு

போன மாதம் உன் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கைபேசியை நீட்டி, "அம்மா வச்சிருந்த காசு ஆன்ட்டி, பெருசு பண்ணிப் பாருங்க" என்றாள். விரலால் விரித்தேன். திரை முழுக்கச் செம்பு நிறம். ஓரத்தில் ஏர்க்கொழு பட்ட பள்ளம். கைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தேன். நீ போன துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உன் சேகரிப்பை ஒரு கல்லூரிக்குக் கொடுக்கிறார்களாம். விழாவில் நான் பேச வேண்டுமாம். "அம்மாவுக்கு உங்கள விட்டா வேற யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். நாம் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்பதை நீ அவளிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்ததால் பழகியவர்கள் நாம். நீ ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தாய், நான் பக்கத்துச் சேக்காட்டில். நான் "கீது" என்றால் நீ சிரிப்பாய். உன் திருநெல்வேலி "ஏட்டி"க்கு நான் சிரிப்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீ பழங்காசு சேர்ப்பவள் என்று தெரிந்ததும் என் அப்பா, எங்கள் நைனாவின் காசை உன்னிடம் கொண்டுவந்தேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே எங்கள் நிலத்தை உழும்போது நைனாவுக்குக் கிடைத்த காசு அது. அந்த நிலத்தில் இப்போது கிடங்கு நிற்கிறது. காசு மட்டும் அவர் மடியிலேயே இருந்தது. பேச்சுக்கு நடுவே எடுத்துக் கட்டைவிரலால் தடவுவார். "இது இன்னா காசு, எந்த ராஜா காசுன்னு யாராச்சும் சொன்னா தேவலை" என்பார். படுத்த படுக்கையான பிறகு அந்த ஆசை இன்னும் அதிகமானது.

உன் வீட்டு ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, காலை வெயிலில் நாம் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். நான் புளி போட்டுத் துலக்கலாமா என்று கேட்டதும், "ஏட்டி, கொன்னுராத!" என்று கையைத் தட்டிவிட்டாய். சட்டென்று ஒரு கோணத்தில் திமில் தெரிந்தது. காளை! இருவரும் கத்தினோம். மறுபக்கம் குச்சி மாதிரி இரண்டு கோடுகள். அவை என்னவென்று தெரியவில்லை. "எண்ணெயில ஊறப்போட்டுப் பாக்கேன், விட்டுட்டுப் போ" என்றாய்.

சில வாரம் கழித்துக் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தாய், நான் பிரித்துப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லட்டி. அது காளையே இல்ல, கறை. வெறும் செப்புத் துண்டு."

நைனா அதை வாங்கித் தடவினார். மறுபடி தடவினார். "இது என் காசு இல்லியேம்மா" என்றார்.

"அழுக்கு போயிடுச்சு நைனா, அதான் வேற மாதிரி கீது" என்றேன். நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வாதாடவில்லை. அதன் பிறகு அந்தத் துண்டை அவர் மடியில் வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

அடுத்த வருடம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. நீ என்னை அழைக்கவில்லை, தற்செயலாகத்தான் நுழைந்தேன். கண்ணாடிக்குள் நைனாவின் காசு. அந்தப் பள்ளம், அந்தத் திமில். அட்டையில் 'பல்லவர் காலம். காளை; மறுபக்கம் இரட்டைப் பாய்மரக் கப்பல்' என்று எழுதி, கீழே உன் பெயர். குச்சிகள் அல்ல, பாய்மரங்கள். நீ எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருக்கிறாய்.

"இன்னாடி இது?" என்றேன்.

உன் முகம் வெளுத்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "ஒங்கிட்ட இருந்தா டப்பாவுல கெடக்கும். இங்க நாலு பேரு பாக்காங்க. கேட்டா குடுத்திருப்பியா?"

"காசு கெடக்கட்டும். கப்பல்னு ஒரு வார்த்தை எங்க நைனாகிட்ட சொல்லியிருக்கலாமே."

நீ வேறு யாருக்கோ காசைக் காட்டத் திரும்பினாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நீ நோயில் கிடந்தபோது நான் வரவில்லை. உன் சாவுக்கு வந்து தெருமுனையோடு திரும்பினேன்.

நேற்று விழாவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் மேடையேறினேன். "இந்தக் காசு செம்பரம்பாக்கத்துல எங்க நைனா உழுத நெலத்துல கெடைச்சது. அவரு பேரும் இதுக்குப் பக்கத்துல இருக்கணும்" என்றேன். அடுத்த வாக்கியம் நாக்கில் இருந்தது. முதல் வரிசையில் உன் பெண் உட்கார்ந்திருந்தாள். இறங்கிவிட்டேன்.

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "கடையில வாங்கினதுன்னுதான் அம்மா சொன்னாங்க. நீங்களாத்தான் குடுத்தீங்களா ஆன்ட்டி?" என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"ஆமாம்மா. நான்தான் குடுத்தேன்."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்ணுக்காகச் சொன்னேன். நைனாவிடம் நான் சொன்ன பொய் உன்னுடையது. பொய் என்று தெரியாமலே சொன்னேன். உன் பெண்ணிடம் சொன்னதைத் தெரிந்தே சொன்னேன். இரண்டும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. நீ ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.