பேட்டரியைக் குடித்தவர் யார்?

மாட்சிமை தாங்கிய சுண்டெலி அவர்களின் திருச்சமூகத்துக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அம்மாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். கடிதத்தின் வழக்கம் அது.

இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அலுவலகத்தில் சொன்னால் அவர்களும் நம்பமாட்டார்கள். எதற்கும் உட்கார்ந்து படி.

அப்பா காலமானதிலிருந்து சும்மா நிற்கிற அவர் பைக்கை ஓட வைத்து விற்றுவிடும்படி போனில் கட்டளையிட்டாய். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்வரை அம்மா தேறமாட்டாள் என்றாய். வாங்க வந்தவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர். பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

பகலில் சார்ஜ் ஏற்றினால் சிங்கம் போல உறுமும். மறுநாள் காலை ஊரின் மறுகோடியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வந்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி அதைவிடக் கம்பீரமாகப் பேசும். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிது வாங்கினேன். அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அதுவும் மறுநாள் செத்துக் கிடந்தது.

மெக்கானிக் வந்து பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தான். வண்டி அணைந்திருக்கும்போது கரண்ட் எங்காவது கசிந்தால் முள் காட்டிக்கொடுத்துவிடுமாம். முள் அசையவில்லை. சந்தேகம் தீராமல் ஹாரனைக் கழற்றினான், ஃபியூஸைப் பிடுங்கினான், அடுத்து என்னையும் கழற்றிவிடுவானோ என்று ஒதுங்கி நின்றேன். "அண்ணே, வண்டியில ஒரு குறையும் இல்ல. யாரோ வந்து ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிட்டுப் போறாங்க" என்றான்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தக் குடிகாரனைக் கையும் களவுமாகப் பிடிக்க, சாயங்காலமே சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். கொசுக்கள் என்னைத் தூக்கிப் போய் இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டன. நடந்தே திரும்பினேன்.

இருட்டத் தொடங்கியதும் அக்கா வெளியே வந்தாள். வண்டியைத் தெருவுக்குத் தள்ளி நிறுத்தினாள். கையில் அத்தானின் சாவி. அதைப் போட்டுக் கடைசிவரை திருப்பி, உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னால் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தெருவோரம் நிற்கிற வண்டியை யாரும் இடித்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிற பார்க்கிங் விளக்கு. சாவி இல்லாமலே எரியும். பேட்டரி தீரும்வரை எரியும். காலையில் அவளே சாவியைப் பழையபடி திருப்பி, வண்டியை உள்ளே விட்டுவிடுகிறாளாம். மீட்டருக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் ஒரு யானையையாவது நுழைக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

உள்ளே போய்க் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவரு வேலை முடிஞ்சு வந்தா அந்த லைட்டப் போட்டுட்டுத்தானடா குளிக்கப் போவாரு. குளிச்சிட்டு வந்து அணைச்சு, வண்டிய உள்ள ஏத்துவாரு. அப்புறம்தான சாப்பாடு." அதுக்கு இப்ப ஏன் போடுறக்கா என்றேன். "போடலேன்னா சமைக்கத் தோணல" என்றாள். நீ சாப்பிட்டியா என்றேன்.

"லைட்டு அணையலையே" என்றாள். பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரல்.

அடுப்பு மேடையில் முந்தின நாள் சமைத்தது அப்படியே மூடியிருந்தது.

வெளியே போய் என்னிடமிருந்த சாவியால் விளக்கை அணைத்தேன். வண்டியை உள்ளே ஏற்றினேன். சமையலறையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. போனேன். நிமிர்ந்து பார்த்தாள். "நீயா... சரி, உக்காரு" என்றாள். அவளும் உட்கார்ந்தாள். சாப்பாட்டில் உப்பே இல்லை. இரண்டு பேருமே மிச்சம் வைக்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் போய் அணைக்கிறேன். பேட்டரி சாவதில்லை. பட்டனைத் தொட்டால் வண்டி கிளம்புகிறது. அதுதான் இப்போது சிக்கல். அச்சகக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். விற்கச் சொன்னால் விற்கிறேன். உன் ஆணையை மீற நான் யார்? ஆனால் இந்த வண்டி பின்னோக்கி மட்டும்தான் ஓடும், அதுவும் மழை பெய்தால்தான் என்று அவருக்குச் சொல்ல ஒரு கதை தயாராக இருக்கிறது. உன் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

முடிந்தால் லீவு போட்டு வா. சாயங்காலம் வந்து சேருகிற மாதிரி வா. விளக்கை நீ அணை. நான் அணைக்கும்போதெல்லாம் அவள் ஒரு நொடி வாசலைப் பார்க்கிறாள், வருவது நான்.

நீ நன்றாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு. இதில் எழுதியதில் முக்கால்வாசி என் சரக்கு என்று உனக்குத் தெரியும். அவள் அன்றைக்குச் சாப்பிட்டாள் என்பது மட்டும் நிஜம்.

உன் மாமா