ஒலிவ மரத்துக்கு ஊற்றாத தண்ணீர்

இன்று காலை ஷெட்டில் எருமூட்டைகளை நகர்த்தியபோது சுவரோரம் உன் தண்ணீர் பாட்டில் கிடந்தது. நீல மூடி. நடு வயிற்றில் உன் மகள் நகப்பூச்சால் போட்டுக் கொடுத்த சிவப்புக் கோடு. ஒரு நாள் முழுக்க அந்தக் கோடு வரைக்கும்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "யார்து இது, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்தவள். "ஏய், என் சொத்துடி அது, கீழ வை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துப் போய் ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அங்கே போனதும் நின்றுவிட்டது.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் உன்னிடம் வாயால் சொல்ல இனி வழி இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

அந்த மூன்று மரமும் வந்து இறங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வல்லம் வடகாலில் நம் கம்பெனி புதிதாகக் கட்டி, வாசலில் புல் விரித்து முடித்திருந்த சமயம். நீளமான லாரி வந்தது. வேரைச் சாக்கில் கட்டி, குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி மரத்தைப் படுக்கவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் கிழவன் முழங்கால் போல முறுக்கிக்கொண்டு, பொந்து விழுந்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. எங்கோ கடல் தாண்டி வந்ததாம்.

"எங்க ஊரு ஏரிக்கரைல இந்த மாதிரி முறுக்கினது ஆயிரம் கீது. இதுக்குக் கப்பல்ல டிக்கெட் வேறயா?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாய். "சும்மா இருடி. ஒலிவ மரம். ஆண்டவர் கடைசி ராத்திரி அழுதது இது அடிலதான்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய நாள்கள் என்று எண்ணினால் அது ஒன்று.

பிறகுதான் நம் கூத்து. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் சரளையும் மண்ணும் கலந்து மேடு போட்டு, அந்த மேட்டு உச்சியில் நட்டுவிட்டுப் போனார்கள். நமக்கு அது பொறுக்குமா? தோட்ட வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நெல்லு நட்ட கை. தண்ணீர் ஓடிப்போகிற மேட்டில் எவனாவது செடி வைப்பானா என்று திட்டிக்கொண்டே, கேட்டருகில் இருந்த மரத்தின் மேட்டை வெட்டிச் சமன் செய்தோம். சுற்றி வரப்பு கட்டினோம். வயலுக்குக் கட்டுவது போலத் தண்ணீர் கட்டினோம். தளும்பி நின்றது. "பாவம், தூரத்துலேருந்து வந்துகீது, தாகமா இருக்கும்" என்றாய் நீ. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் சொம்பு நீட்டுகிற ஜாதி நாம். மரத்துக்கும் நீட்டினோம்.

மற்ற இரண்டிலும் மண்வெட்டி வைக்கும் முன் தோட்ட ஆபீசர் மேடம் ஓடி வந்தார். விவசாயம் படித்த பெண், நம் பிள்ளை வயசு. "அம்மா, ஐயோ, மேட்டைத் தொடாதீங்க! இது வறண்ட மலைச்சரிவு மரம். வேர்ல தண்ணி நின்னா மூச்சு முட்டி அழுகிடும்" என்றார்.

"தண்ணி ஊத்தினா சாகுற மரமா? நல்லா கீது மேடம் கதை" என்று நான் ராகம் போட்டேன். நீ என் இடுப்பில் இடித்தாய்.

கதை இல்லை. வரப்பை உடைத்துவிட்டோம், ஆனாலும் நம் மண் நெல்லு மண். குடித்த தண்ணீரை லேசில் விடாது. அடுத்து வந்த மழையும் சேர்ந்துகொண்டது. கேட்டு மரத்தின் இலை மஞ்சளாகிக் கொட்டியது. பிடுங்கி எடுத்தபோது வேர் கறுத்து, ஊறிய வைக்கோல் நாற்றம் அடித்தது. நீ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "நாம ஆசையா ஊத்தினதுடி" என்றாய். 

அந்த வருஷமே உன் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு பத்தவில்லை என்று புதுச் செருப்பு வாங்கினாய். நான்கூட, "வயசுக்கு வந்து இத்தினி வருஷம் கழிச்சு இப்ப கால் வளருதா?" என்று கேலி செய்தேன். சிறுநீரகம் இரண்டும் சோர்ந்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தம் சுத்தம் செய்யப் போகிற நாள் தவிர மற்ற நாளில் வேலைக்கு வந்தாய். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். நிழலில் உட்கார்ந்து களை எடுக்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்.

அப்போதுதான் இந்தப் பாட்டில் வந்தது. நாமெல்லாம் அண்ணாந்து, தொண்டையில் கடகடவென்று ஊற்றிக் குடிக்கிறவர்கள். அப்படிக் குடித்தால் கோடு ஒரே மூச்சில் காலியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாராம். வாய் வைத்து, கொஞ்சமாக எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, பிறகு விழுங்க வேண்டும். முதல் நாள் நீ வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்து, "எச்சி பண்ணிட்டா பாரு, பாட்டில் இனிமே உனக்கு மட்டும்தான்" என்று கத்தினேன். "எனக்கே பத்தல, உனக்கு வேறயா, போடி" என்றாய்.

அடுத்த கோடையில் கம்பெனி போர்வெல் வற்றியது. லாரித் தண்ணீர் கேன்டீனுக்கும் கக்கூஸுக்கும் மட்டும். தோட்டத்துக்கு ஒரு சொட்டு கிடையாது. புல் காய்ந்து பாய் நிறமாகிவிட்டது. செம்பருத்தி போயிற்று. ஒலிவ மரம் இரண்டும் என்ன செய்தன என்று உனக்குத்தான் முழுசாகத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நீ. முதலில் துளிர் விடுவதை நிறுத்தின. பிறகு பழைய இலைகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டன. மிச்ச இலை ஓரம் சுருட்டிக்கொண்டது. அடிப்பக்கத்து வெள்ளிநிறம் தெரிந்து, மரமே சாம்பல் பூசிக்கொண்ட மாதிரி ஆனது.

மேனேஜர் வந்து பார்த்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிற சமயம். "செத்துப் போச்சு. எடுத்துட்டு ஒரு ஃபவுண்டன் வைங்க" என்றார். தண்ணீர் இல்லாத ஊரில் ஃபவுண்டன்! நான் வாய் திறப்பதற்குள் நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"சார், அதுக்கு உயிர் கீது சார்."

"எப்படிம்மா சொல்றீங்க?"

நீ மேடம் பக்கம் திரும்பினாய். மேடம் கிளையை நகத்தால் சுரண்டினார். சாம்பல் பட்டைக்குக் கீழே பச்சை.

"உயிரோடதான் சார் இருக்கு. இலைல இருக்கிற சின்னச் சின்னத் துளையெல்லாம் மூடிக்கிட்டு, உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாம வச்சிருக்கு. அடில இருக்கிற வெள்ளைப் பூச்சும் அதுக்குத்தான். தாங்க முடியாத இலைய மட்டும் விட்டுடும். மேல முழுக்கக் காஞ்சாக்கூட, அடிமரத்துல முண்டு மாதிரி புடைச்சிருக்கு பாருங்க, அங்கேருந்து திரும்பத் துளிர்க்கும். மழை வரைக்கும் விட்டுப் பார்க்கலாம் சார்."

மேனேஜர் உன் வீங்கிய காலைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "சரி, மழை வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும், "காய்க்குமா மேடம்?" என்று கேட்டாய். இந்த ஊர்க் குளிர் பத்தாது, பூவே வைக்காது என்றார் மேடம். "காய்க்காட்டி இன்னா. இருக்கட்டும்" என்றாய்.

அன்று சாப்பிடும்போது உன்னைக் கேட்டேன். "ஏண்டி, காய்க்காத மரத்துக்கு இன்னா வக்காலத்து?"

"அதப் புடுங்கினா என்னைப் புடுங்கின மாதிரி ஆயிடும்டி" என்றாய். கோடு வரை இருந்த தண்ணீரில் ஒரு வாய் எடுத்து, வைத்திருந்து, விழுங்கினாய். "குடிக்காம கீறது சாவு இல்ல. காத்துகினு கீறது."

நான் உடனே, "ரெண்டு பேரும் ஒண்ணா நோன்பு இருங்க, நான் கஞ்சி காய்ச்சறேன்" என்று கிண்டலடித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்குப் போட்டுக்கொண்டேன். இந்த மரம் துளிர்த்தால் நீ பிழைத்துக்கொள்வாய். வல்லக்கோட்டைக்குப் போய் முருகனிடமும் அதையே சொன்னேன். மரத்தைக் காப்பாத்து, மீதி தானா நடக்கும் என்று. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், "உன் முருகன் எங்க மாதா ஏரியாவுல எதுக்குடி கை வக்கிறாரு" என்று சிரித்திருப்பாய்.

மழைக்கு முன்னால் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி கேட்டதைக் கொடுங்கள் என்று சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கோ அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. இனி நீ தண்ணீர் குடிக்கலாம். பானைத் தண்ணீரைச் சொம்பு நிறைய மொண்டு வந்து, உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "குடிடி, கோடெல்லாம் அழிச்சாச்சு. எவ்ளோ வேணா குடி."

ஒரு வாய் எடுத்தாய். பழக்கம், விழுங்காமல் வைத்திருந்தாய். இன்னொரு வாய். பிறகு சொம்பைக் கையால் தள்ளினாய்.

"போதும்டி. பழகிப் போச்சு."

சொம்பு நிறைய மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உங்கள் மாதா கோயிலில் உனக்காகத் துக்க மணி அடித்தது.

அதற்கப்புறம்தான் மழை. நிற்காமல் பெய்தது. வெயில் வந்த ஒரு காலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு மரத்தின் அடி முண்டிலும், அரிசி மூக்கு அளவுக்குப் பச்சை. "பாத்தீங்களா!" என்று மேடம் கை தட்டினார். நான் அந்தத் துளிரைப் பார்த்துத் திட்டினேன். என் வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. என் கணக்கை அது பாதிதானே முடித்தது? மேடம் பயந்துபோய்த் தள்ளி நின்றார். திட்டி முடித்து, அழுது முடித்து, அதைச் சுற்றித் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை நான்தான் வாய்க்கால் கீறி வெளியே விட்டேன். அது உன்னிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, என்னிடமும் இல்லை. அது காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீயும் அப்படித்தான் இருந்தாய். உனக்கு மழை வந்து சேரவில்லை.

இப்போது திரும்பக் கோடை. போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது. புதுப்பெண்கள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஒலிவ மரத்துக்கு ஓடுவார்கள். எல்லாம் நெல்லுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். "கைய நிறுத்துடி" என்பேன். விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்வேன். உள்ளே ஈரம் தட்டினால் ஒரு சொட்டு கூடாது. "இன்னா யக்கா, மரத்து மேல உனக்கு இவ்ளோ கஞ்சத்தனம்?" என்கிறார்கள். ஊற்றுவது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஊற்றாமல் பக்கத்திலேயே நிற்பதை நீயும் இந்த மரமும் சேர்ந்து கற்றுக் கொடுத்தீர்கள். இன்னும் என் கை முதலில் ஹோஸுக்குத்தான் போகிறது.

பாட்டிலைத் தேய்த்துக் கழுவினேன். கோடு அழியவில்லை, நல்ல நகப்பூச்சு. கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்தேன். மரத்துக்கு ஊற்றவில்லை. அதன் வெள்ளி நிழலில் உட்கார்ந்து, எச்சில் பார்க்காமல், வாய் வைத்து ஒரு வாய் எடுத்தேன். உடனே விழுங்கவில்லை.